ஆத்துல தண்ணி வந்தா நல்லதுதானே? பவானிக் கரையின் ஒரு நூற்றாண்டு ஞாபகம்

இந்த எபிசோடை ஒரு ஃபோன் காலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஆடி மாசம், ராத்திரி பத்தரை மணி. ஆபீஸ் வேலை முடிச்சு லேப்டாப்பை மூடுறேன், குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு வருது. பவானிசாகர் அணைக்கு நீர்வரத்து அதிகமாயிருக்கு, உபரி நீர் எந்த நேரமும் திறக்கப்படலாம், கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். சத்தியமங்கலத்தில், ஆத்தில் இருந்து நாலு தெரு தள்ளி எங்க அம்மாயி தனியா இருக்காங்க. உடனே கூப்பிட்டேன்.

"அம்மாயி, ஆத்துல தண்ணி திறக்கறாங்களாமுங்க. சித்தி வீட்டுக்குப் போயிருங்க."

"மழையே பெய்யலியே சாமி. வானம் பளிச்சுனு நட்சத்திரம் தெரியுது. ஆத்துல தண்ணி வந்தா நல்லதுதானே கண்ணு?"

அன்னைக்கு அவங்க தெருவுக்குத் தண்ணி வரல. ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. ஏன்னா இதே அம்மாயி வீட்டில் எப்பப் போனாலும் ரெண்டு மாசத்துக்கு வேண்டிய ராகியும் அரிசியும் இருக்கும். பருப்பு டப்பா காலியாகிறதுக்கு முன்னாடி அடுத்தது வாங்கி வெச்சிருப்பாங்க. குடம், அண்டா, டிரம் எல்லாத்திலும் தண்ணி நிறைஞ்சிருக்கும். இவ்வளவு தயாரா இருக்கிற ஒரு மனுஷி, வெள்ளம்னு சொன்னா மட்டும் ஏன் அசையவே இல்லை?

சத்தியமங்கலம்னாலே நம்ம தலைமுறைக்கு ஞாபகம் வர்றது வீரப்பன், புலிகள் காப்பகம், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவு. இன்னைக்கு அதுக்கெல்லாம் கீழே, ஊருக்கு நடுவுல ஓடுற ஆத்தைப் பத்திப் பேசலாம். ஒரு ஊர் எந்த ஆபத்தை ஞாபகம் வெச்சிருக்கு, எதை மறந்துபோச்சு, அந்த மறதிக்கு யார் விலை கொடுக்கிறாங்க என்பதுதான் கதை.

தாது வருஷம் கட்டிக்கொடுத்த வீடு

முதல்ல அந்த ராகி டப்பாவில் இருந்து தொடங்கணும்.

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கமும் நீலகிரியின் மேற்குச் சரிவிலும் கொட்டித் தீர்த்துட்டு, இந்தப் பக்கம் வெறுங்காற்றாத்தான் இறங்கும். ஐப்பசி மழையை நம்பித்தான் மானாவாரி விவசாயம். அது பொய்த்தா அந்த வருஷமே போச்சு. அதனால இங்கே ஆபத்துன்னா அது வறட்சிதான்.

1876-ல், தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருஷத்தில், சென்னை மாகாணத்தையே உலுக்கிய பெரும் பஞ்சம் தொடங்கியது. 1878 வரை நீடிச்சது. 'தாது வருஷப் பஞ்சம்'னு இன்னும் வயசானவங்க சொல்றது இதைத்தான். அப்போ சத்தியமங்கலம் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மோசமா அடிபட்ட மாவட்டங்களில் கோயமுத்தூரும் ஒன்று. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் 1881 கணக்கெடுப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, பத்து வருஷத்துல மாவட்டத்தின் மக்கள்தொகை கூடுறதுக்குப் பதிலா குறைஞ்சிருக்கு. பத்து வருஷத்துப் பிறப்பு எல்லாத்தையும் சேர்த்தும் குறைஞ்சிருக்குன்னா, எத்தனை பேர் செத்திருப்பாங்க, எத்தனை பேர் ஊரை விட்டுப் போயிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

அரசு என்ன செய்தது? நிவாரண வேலை கொடுத்தது. ஆனா 1877-ல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி அந்தக் கூலியை ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம், கொஞ்சம் சில்லறைன்னு வெட்டினார். நாள் முழுக்க மண் சுமக்கிற ஆளுக்கு அவ்வளவுதான். பஞ்சம் முடிஞ்ச பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் விசாரணைக் குழு அமைச்சு, 1883-ல் பஞ்ச விதித் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தாங்க. பஞ்சத்தின் அறிகுறி என்ன, எப்ப அறிவிக்கணும், யார் என்ன செய்யணும்னு எழுதி வெச்ச நடைமுறை. பேரிடர் மேலாண்மைன்னு இன்னைக்கு நாம சொல்ற விஷயத்துக்கு இந்திய அரசாங்கத்தின் பழைய கையேடுன்னு இதைச் சொல்லலாம்.

ஆனா கையேடு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வீடுகள் தங்களுக்குன்னு ஒரு நடைமுறை வெச்சிருந்தன. களிமண்ணில் ஆளுயரத்துக்குக் குதிர். மண்ணைத் தோண்டி, வைக்கோல் பரப்பி, ராகியைக் கொட்டி மூடி வைக்கிற தானியக் குழி. ராகிக்கு ஒரு குணம் உண்டு: காத்தும் ஈரமும் படாம இருந்தா வருஷக்கணக்கில் பூச்சி பிடிக்காது. ஒரு நல்ல மழை வருஷத்தின் ராகி, அடுத்த கெட்ட வருஷத்துக்கான சேமிப்புக் கணக்கு. மாட்டுக்குச் சோளத்தட்டுப் போர். காங்கயம் பக்கம் போனா கொறங்காடு: கிளுவை முள்வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் வளர விட்டு, மாடு மேய்க்கவே ஒதுக்கின மேய்ச்சல் நிலம். வானம் பார்த்த பூமியில் மாட்டைக் காப்பாத்துறதுக்கான ஏற்பாடு அது.

எங்க அம்மாயியின் நிரம்பிய டப்பாக்களுக்குப் பின்னாடி இருக்கிறது இந்த வரலாறுதான். அவங்களுக்குப் பஞ்சம் நேரடியாத் தெரியாது. ஆனா 'வீட்டுல தானியம் இல்லாம இருக்கக்கூடாது' என்ற பழக்கம் கைமாறி வந்திருக்கு. பயம் மறந்துபோச்சு, பழக்கம் மட்டும் தங்கிருச்சு. இந்த ஊரில் தண்ணி எப்பவுமே பற்றாக்குறைப் பொருள், அதனால தண்ணி வர்றதுன்னா நல்ல செய்தி. அவங்க கேட்ட கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

வேற ஊர் மழை

இப்போ ஆத்துக்கு வருவோம்.

பவானி நீலகிரியில் பிறந்து, கேரளாவின் அட்டப்பாடிக்குள்ளே போய், அங்கே ஒரு திருப்பம் எடுத்துத் திரும்ப தமிழ்நாட்டுக்குள்ளேயே வர்ற ஆறு. கேரளாவில் கிழக்கு நோக்கி ஓடுற மூணு ஆறுகளில் ஒன்று. சிறுவாணி இதில் சேருது, குந்தா ஆறு சேருது. பில்லூர் அணை, மேட்டுப்பாளையம் தாண்டி, பவானிசாகரில் மாயாறும் கலக்குது. அதுக்கப்புறம் சத்தியமங்கலம், கொடிவேரி, கடைசியா பவானி கூடுதுறையில் காவிரி. மொத்தம் சுமார் 217 கிலோமீட்டர்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆத்துக்குத் தண்ணி தர்ற மழை பெய்யுறது ஆடியில், மேற்கு மலையில். சத்தியமங்கலத்தில் அப்போ வானம் பளிச்சுனு இருக்கும். அம்மாயி நட்சத்திரம் பார்த்த அதே நேரத்தில் நூறு கிலோமீட்டருக்குள்ளே இன்னொரு இடத்தில் வானம் கிழிஞ்சிருக்கலாம்.

2019 ஆகஸ்ட் 8 ஞாபகம் இருக்கா? அன்னைக்குக் காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுற மழையில் பாதிக்கு மேல், ஒரே நாளில் ஒரே இடத்தில். அந்தத் தண்ணி குந்தா வழியா பில்லூருக்கு வரும், பில்லூர் சின்ன அணை, சட்டுனு நிரம்பிரும், மதகைத் திறந்தா மேட்டுப்பாளையம், அப்புறம் பவானிசாகர்.

நம்ம மொழியில சொன்னா இது ஒரு டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம். எரர் ஒரு சர்வரில் நடக்குது, அலாரம் இன்னொரு இடத்தில் அடிக்குது. உங்க ஸ்க்ரீன் மட்டும் பச்சையா இருக்குன்னா எல்லாம் சரின்னு அர்த்தம் இல்லை. தன் வீட்டு வானத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது, மானாவாரி விவசாயத்துக்குப் பொருந்தும். ஆத்துக்குப் பொருந்தாது.

1924

ஆறு இதை ஏற்கெனவே ஒரு தடவை எல்லாருக்கும் காட்டியிருக்கு. 1924 ஜூலையில், மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க வாரக்கணக்கில் மழை. கேரளாவில் அதை '99-ஆம் வருஷ வெள்ளம்'னு சொல்வாங்க, கொல்லம் ஆண்டு 1099 என்பதால். மூணாறில் அப்போ ஓடிக்கிட்டிருந்த சின்ன ரயில் பாதையே அடிச்சிட்டுப் போயிருச்சு, திரும்பக் கட்டவே இல்லை. இந்தப் பக்கம் காவிரியில் வந்த வெள்ளம் கரையோர ஊர்களை மூழ்கடிச்சது. அடுத்த வருஷம் மேட்டூர் அணை வேலை ஆரம்பிச்சு 1934-ல் முடிஞ்சது. பாசனம்தான் முதல் நோக்கம், ஆனா வெள்ளத்தை அடக்கிப் பிடிக்கணும் என்ற எண்ணமும் அந்தக் காலத்து மனசில் ஆழமா இருந்தது.

பவானிக்கும் அணை வந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு. கீழ்பவானித் திட்டம். 1948-ல் ஆரம்பிச்சு 1955-ல் பவானிசாகர் அணை தயாரானது. சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணால் எழுப்பின அணை. அதிலிருந்து 200 கிலோமீட்டர் போற கால்வாய், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். இன்னைக்கு ஈரோடு மாவட்டத்தில் நீங்க பார்க்கிற மஞ்சளும் கரும்பும் வாழையும் பெரும்பாலும் இந்தக் கால்வாயின் பிள்ளைகள். அணைக்குள்ளே டணாய்க்கன்கோட்டை மூழ்கிப்போச்சு. கடும் வறட்சி வர்ற வருஷங்களில் நீர்மட்டம் இறங்கி, அந்தப் பழைய கோயில் மண்டபம் வெளியே தெரியும். ஜனங்க வண்டி கட்டிப் போய்ப் பார்ப்பாங்க. வறட்சி வந்தா பழைய ஞாபகம் வெளியே வந்துரும். வெள்ளத்துக்கு அப்படி ஒரு மண்டபம் இல்லை.

ரெண்டரை டிஎம்சி இடைவெளி

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எளிமையான பெருக்கல்தான்.

நியூஸ்ல வர்ற 'கன அடி' என்பது ஒரு விநாடிக்கு எவ்வளவு தண்ணி போகுது என்ற அளவு. ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர். அணையில் இருந்து 50 ஆயிரம் கன அடி திறக்கிறாங்கன்னு வெச்சுக்குங்க. ஒரு விநாடிக்கு 14 லட்சம் லிட்டர். நம்ம அபார்ட்மென்ட்டுக்கு வர்ற 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரி கணக்கில், விநாடிக்கு 118 லாரி. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறதுக்குள்ளே 236 லாரி.

பவானிசாகரின் முழுக் கொள்ளளவு, சகதி கழிச்சு, 105 அடியில் 32.8 டிஎம்சி. ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. இப்போ ஒரு விதி: அக்டோபர் கடைசி வரைக்கும் 102 அடிக்கு மேலே தேக்கக்கூடாது. நவம்பரில் இருந்துதான் 105 வரை நிரப்பலாம். மழைக்காலத்தில் திடீர்னு வர்ற வெள்ளத்தை வாங்கிக்க மேலே கொஞ்சம் இடம் காலியா வெச்சிருக்கிறாங்க. அந்த மூணு அடியில் ஏறக்குறைய ரெண்டரை டிஎம்சி பிடிக்கும்.

சரி, 102 அடியில் அணை இருக்கு, மலையில் இருந்து 50 ஆயிரம் கன அடி வருது, ஒரு சொட்டுக்கூட வெளியே விடலன்னா, அந்த இடைவெளி நிரம்ப எவ்வளவு நேரம்? சுமார் 14 மணி நேரம். அவ்வளவுதான். அதனால யாரும் 14 மணி நேரம் காத்திருக்க மாட்டாங்க. மண் அணையின் மேல தண்ணி வழிஞ்சா அணையே கரைஞ்சிரும், ஆகவே வர்ற தண்ணியை வந்த வேகத்துக்குக் கிட்டத்தட்ட அப்படியே கீழே விடுவாங்க. அணையின் பொறியாளர் இடத்தில் நீங்களோ நானோ இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

அணை சின்ன வெள்ளத்தை முழுங்கிரும். நடுத்தர வெள்ளத்தைத் தணிக்கும். ஏற்கெனவே நிரம்பியிருக்கிற நேரத்தில் வர்ற பெரிய வெள்ளத்தை அதால ஓரளவுக்கு மேல தடுக்க முடியாது. அணையில் இருந்து சத்தியமங்கலம் சுமார் 16 கிலோமீட்டர். மதகு திறந்த தண்ணி சில மணி நேரத்தில் ஊருக்குள்ளே இருக்கும்.

மறதி எங்கே வீடு கட்டுது

இப்போ முக்கியமான விஷயம். அணைக்கு முன்னாடி, ஆத்துல அடிக்கடி சின்னச் சின்ன வெள்ளம் வரும். எது வரைக்கும் தண்ணி ஏறும்னு ஊருக்கே தெரியும், அதுக்குக் கீழே யாரும் சுவர் எழுப்ப மாட்டாங்க. 1955-க்குப் பிறகு அந்தச் சின்ன வெள்ளங்கள் நின்னுபோச்சு. இருபது வருஷம், முப்பது வருஷம் கரை காய்ஞ்சு கிடக்கு. ஆத்துப் புறம்போக்கில் முதல்ல ஒரு குடிசை, அப்புறம் ஓட்டு வீடு, அப்புறம் மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது. ரசீது வந்ததும் அது ஆறு இல்லை, தெரு.

கில்பர்ட் ஒயிட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1945-லேயே இதைப் பத்தி எழுதினார். அணையும் கரையும் கட்டக் கட்ட, ஜனங்க தைரியமா வெள்ளப் பகுதிக்குள்ளே குடியேறுறாங்க, கடைசியில் ஒரு பெரிய வெள்ளம் வரும்போது இழப்பு முன்னைவிட அதிகமாகுது என்பது அவர் வாதம். அமெரிக்க ஆறுகளைப் பார்த்து அவர் சொன்னது பவானிக்கும் அப்படியே பொருந்துது.

ஆனா நான் இதில் ஒண்ணு சேர்க்கணும். 'ஜனங்க மறந்துட்டாங்க'ன்னு சொல்றது பாதி உண்மைதான். நிலம் வெச்சிருக்கிறவங்க வீடு தோட்டத்தில், மேட்டில் இருக்கு. கரையில் யார் இருக்காங்க? கூலி வேலைக்குப் போறவங்க, மீன் பிடிக்கிறவங்க, துணி வெளுக்கிறவங்க, ஊருக்குள்ளே மனை வாங்க முடியாதவங்க. அவங்களுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. வேற இடம் இல்லை.

2018 ஆகஸ்டில் கேரளா மூழ்கினப்போ நம்ம கவனம் பூரா அங்கே இருந்தது. அதே நாட்களில் பவானி கரைபுரண்டுச்சு. காவிரியில் மேட்டூரில் இருந்து 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணி. ரெண்டும் சேர்ற பவானி நகரத்தில் தெருக்களுக்குள்ளே தண்ணி. கரையோரக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் தங்கினாங்க. அதே மாதம் 22-ஆம் தேதி திருச்சி முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் மதகுகளே அடிச்சிட்டுப் போச்சு.

அதுக்கு அடுத்த வருஷம், 2019 டிசம்பர் 2, அதிகாலை. மேட்டுப்பாளையம் நடூரில் விடிய விடிய மழை. சுமார் 20 அடி உயரமான ஒரு சுற்றுச்சுவர் இடிஞ்சு பக்கத்து வீடுகள் மேல விழுந்து, தூங்கிக்கிட்டிருந்த 17 பேர் செத்துப்போனாங்க. பட்டியலினக் குடும்பங்கள். அதை இயற்கைப் பேரிடர்னு மட்டும் சொன்னா, மழை மேல பழியைப் போட்டுட்டு சுவரைப் பத்திப் பேசாமல் போயிரலாம். எந்த ஆத்தங்கரை மரணத்துக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கணும்: தண்ணி வந்தது சரி, அந்த வீடு ஏன் அங்கே இருந்தது?

யாருக்கு ஞாபகம் இருக்கு

சத்தியமங்கலத்தைச் சுத்தி, வெள்ளத்தை மறக்கவே முடியாத ஊர்களும் இருக்கு.

கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம். அங்கே போற வழியில் குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம்னு ரெண்டு காட்டாறு. மலையில் நல்ல மழை பெஞ்சா ரெண்டும் பொங்கும், பஸ் நிக்கும், ஊர் தனியாயிரும். பாலம் கேட்டு அந்த ஜனங்க பல வருஷம் கோரிக்கை வெச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் மாயாற்றுக்கு அந்தப் பக்கம் தெங்குமரஹாடா. பஸ் ஆத்தங்கரை வரைக்கும்தான், அப்புறம் பரிசல். மாயாற்றில் வெள்ளம் வந்தா பரிசல் ஓடாது. பிரசவமானாலும் பாம்புக்கடியானாலும் ஆத்தைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி.

இந்த மாதிரி ஊர்களில் ஆடி பிறக்கிறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு அரிசி, மருந்து, தீப்பெட்டி வாங்கி வைக்கிறதும், மாசமா இருக்கிற பெண்ணை முன்கூட்டியே ஆத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து சொந்தக்காரங்க வீட்டில் விடுறதும் சாதாரணப் புத்தி. அதை அவங்க பேரிடர் தயார்நிலைன்னு சொல்ல மாட்டாங்க. வருஷா வருஷம் நடக்கிறதால ஞாபகம் உயிரோட இருக்கு. ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை வர்றதுக்குத்தான் ஞாபகத்தை நாம கையால செஞ்சு வைக்கணும்.

ஜப்பானில் அனேயோஷின்னு ஒரு சின்ன ஊர். 1933 சுனாமிக்குப் பிறகு அந்த ஊர்க்காரங்க ஒரு கல் நட்டாங்க: இதுக்குக் கீழே வீடு கட்டாதீங்கன்னு. கட்டல. 2011-ல் சுனாமி வந்தப்போ தண்ணி அந்தக் கல்லுக்குக் கொஞ்சம் கீழேயே நின்னுபோச்சு. ஒரு கல்லுதான். ஆனா அதைப் படிச்சு அதன்படி நடந்த மூணு தலைமுறை இருந்தது. நம்ம ஆத்தங்கரையில் 2018 தண்ணி எது வரைக்கும் ஏறுச்சுன்னு பெயின்ட்ல ஒரு கோடு போட எவ்வளவு செலவாகும்?

அப்ப வீட்டுல என்ன செய்யலாம்

அம்மாயியோட உட்கார்ந்து நான் செஞ்சதைச் சொல்றேன். பெரிய விஷயம் ஒண்ணும் இல்லை.

முதல்ல, எந்தத் தகவலை நம்புறது? 2023 ஆகஸ்டில் இருந்து அக்டோபர் வரை உங்க எல்லாருடைய ஃபோனும் ஒரு நாள் பயங்கரமா அலறியிருக்கும், அவசர எச்சரிக்கைச் சோதனைன்னு. அது எஸ்எம்எஸ் இல்லை, செல் பிராட்காஸ்ட். எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாப் போகும், நெரிசல்ல தாமதமாகும். இது ஒரு டவரின் எல்லைக்குள்ளே இருக்கிற எல்லா ஃபோனுக்கும் ஒரே நேரத்தில் போகும், நம்பர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அம்மாயி அன்னைக்குப் பயந்து ஃபோனைத் தலையணைக்கு அடியில் வெச்சுட்டாங்களாம். அந்தச் சத்தம் வந்தா என்ன அர்த்தம்னு இப்போ தெரியும். இதோட மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கு 1077. ரெண்டையும் காலண்டரில் பெருசா எழுதி வெச்சாச்சு.

ரெண்டாவது, ஒரு மஞ்சப்பை. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா நகல், பேங்க் பாஸ்புக் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ளே. பிரஷர் மாத்திரை பத்து நாளுக்கு. டார்ச். கொஞ்சம் பணம், பத்து ரூபாய் இருபது ரூபாயா. ஏன்னா கரண்ட் போனா டவர் போகும், டவர் போனா யுபிஐ போகும்.

மூணாவது, போகும்போது செய்ய வேண்டியது. மெயின் சுவிட்சை அணைக்கணும். சிலிண்டர் வால்வை மூடணும். ஆடு மாடு இருந்தா கூட்டிட்டுப் போகணும், முடியலன்னா கயிறை அவிழ்த்து விட்டுரணும். கட்டுத்தறியில் கட்டினபடியே விட்டா அது நீந்திப் பொழைக்கிற வாய்ப்பையும் நாமே எடுத்துர்றோம். திரும்பி வந்ததும் சுவிட்சில் கை வைக்கக்கூடாது, பாம்பு இருக்கான்னு பார்க்காம மூலையில் கை விடக்கூடாது, கிணத்துத் தண்ணியைக் குளோரின் போடாம குடிக்கக்கூடாது.

நாலாவது, எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது: யார் முடிவெடுக்கிறது? அம்மாயி தயங்கினது தகவல் இல்லாததால மட்டும் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு இன்னொருத்தர் வீட்டுக் கதவைத் தட்ட அவங்களுக்குக் கூச்சம். தண்ணி வரலன்னா பயந்துட்டு ஓடினாங்கன்னு பேச்சு வரும். அதனால முன்கூட்டியே பேசி வெச்சுட்டோம். மைக்கில் அறிவிப்பு வந்தா கேள்வி கிடையாது, சித்தி வீடு. தண்ணி வரலன்னாலும் யாரும் சிரிக்கக்கூடாது, சோறு போட்டு அனுப்பணும். அவ்வளவுதான் ஒப்பந்தம். பக்கத்து வீட்டு அக்கா, ரெண்டு குழந்தைங்களோட இருக்கிறவங்க, அவங்களையும் சேர்த்துக்கணும்னு அம்மாயியே சொன்னாங்க. அவங்களுக்கு இந்த ஊர்ல சித்தி வீடு கிடையாது.

மஞ்சப்பை எதுவும் புறம்போக்கில் இருக்கிற வீட்டுக்குப் பட்டாவோ மேட்டு நிலமோ வாங்கித் தராது, அது தெரியும். அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, கேட்க வேண்டியது நம்ம வேலை. ஆனா அது நடக்கிற வரைக்கும் ஒவ்வொரு ஆடியும் வந்துக்கிட்டேதான் இருக்கும்.

எல்லாம் முடிஞ்சு நான் கிளம்பும்போது அம்மாயி கேட்டாங்க: "எனக்கு இத்தனை சொல்றியே சாமி, நீ இருக்கிற ஊர்ல தண்ணி வந்தா நீ எங்க போவ?"

நான் இருக்கிற அபார்ட்மென்ட்டுக்குப் பேரு ஏரியோட பேரு. அந்த ஏரி எங்கே இருந்ததுன்னு இதுவரைக்கும் நான் யாரையும் கேட்டதில்லை.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க அம்மாயிக்கோ அப்பாருக்கோ, ஊரில் இருக்கிற யாராவது ஒரு பெரியவங்களுக்கோ ஃபோன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: உங்களுக்குத் தெரிஞ்சு தண்ணி எது வரைக்கும் வந்திருக்கு? அவங்க சொல்றதை எழுதி வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம். வர்றேனுங்க.